குருதிக்கலன்களின் மிகைவளர்ச்சியும் குளுக்கோமாச் சத்திரசிகிச்சையும்: ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவ நுட்பமொன்றைப் பற்றிய கட்டுரை தமிழ்ச் சங்கத்தின் ஆய்வேட்டில் இடம்பெறுதல் பொருந்துமா என்று வாசகர் சிலர் வினவக்கூடும். வினா புதியதன்று. மானிப்பாயிலிருந்து பணியாற்றிய சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் மருத்துவர் அதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே செயலால் விடையளித்துவிட்டார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர், 1860களில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். தம் மாணவரின் துணைகொண்டு உடற்கூற்றியல், இரணவைத்தியம் முதலிய துறைசார்ந்த நூல்களைத் தமிழாக்கினார். அம்முயற்சி தொடராது போனமைக்குத் தமிழ் மொழியின் இயலாமை காரணமன்று. உத்தியோகத்தின் மொழி ஆங்கிலமாக இருந்தமையே காரணம் என்பது எமது கருத்து. அது தனியே விரித்தாராயப்பட வேண்டிய பொருள். இங்கு நாம் எடுத்துக்கொள்வது, கண்ணினுள்ளே குருதிக்கலன்கள் முறைமாறி வளர்வதால் உண்டாகும் குளுக்கோமா நோயும், அதற்குச் செய்யப்படும் சத்திரசிகிச்சையுமாகும். கண் மருத்துவர்க்குப் புதிதாகச் சொல்ல எம்மிடம் ஏதுமில்லை. ஓர் அறிவுத்துறையின் நுட்பம் எவ்வாறு வளர்ந்தது, அது யாருக்குக் கிட்டுகிறது, யாருக்குக் கிட்டாது போகிறது என்று கேட்பது சமூகவியல் நோக்குடையோர் அனைவர்க்கும் உரிய பணியென்ற எண்ணத்தாலேயே இதனை எழுத முற்பட்டோம்.

முதலிற் கண்ணின் அமைப்பைச் சிறிது நோக்குவாம். கண்ணின் முற்பகுதியில், விழிவெண்படலத்துக்கும் வில்லைக்கும் இடையே, தெளிந்த நீரொன்று நிறைந்துள்ளது. பாடநூல்கள் இதனை நீர்மயவுடனீர் என்னும். கதிராளியின் பின்னேயுள்ள பிசிருடல் இதனை இடையறாது சுரக்கிறது. அளவு நிமிடத்திற்கு ஏறத்தாழ 2.5 மைக்கிரோலீற்றர். சுரந்த நீர் கண்மணியூடாக முன்னே வந்து, கதிராளியும் விழிவெண்படலமும் சந்திக்கும் கோணத்திலே அமைந்த சல்லடை போன்ற இழையத்தூடு வடிந்து நாளங்களிற் கலக்கிறது. சுரப்பும் வடிவும் ஒத்திருக்கும்வரை கண்ணின் உள்ளமுக்கம் பெரும்பாலும் 10 முதல் 21 மில்லிமீற்றர் இரசம் என்ற எல்லைக்குள் நிற்கும். வடிகால் அடைபட்டால் அமுக்கம் உயரும். உயர்ந்த அமுக்கம் பார்வை நரம்பின் இழைகளைச் சிதைக்கும். சிதைந்த இழை மீள்வதில்லை. குளுக்கோமா என்ற பொதுப்பெயரால் வழங்கும் நோய்கள் பலவற்றின் சுருக்கம் இதுவே.

நாம் கருதும் வகையில் வடிகாலை அடைப்பது கண்ணுக்குப் புறம்பான பொருளொன்றன்று. உடல் தானே வளர்த்தெடுத்த குருதிக்கலன்களே அதனை அடைக்கின்றன. நோயின் ஊற்று முன்னே அன்றிப் பின்னே, விழித்திரையில் இருக்கிறது. உடலின் இழையங்களுள் ஒட்சிசனை மிகுதியாக நுகர்வனவற்றுள் விழித்திரையும் ஒன்று. நாட்பட்ட நீரிழிவினால் அதன் நுண்கலன்கள் அடைபடும்போதும், விழித்திரையின் மைய நாளம் திடீரெனத் தூர்ந்துபோகும்போதும், கழுத்து நாடி ஒடுங்கிக் கண்ணுக்கு வரும் குருதி குறையும்போதும் விழித்திரையின் பெரும்பகுதி ஒட்சிசன் பற்றாக்குறைக்கு உள்ளாகிறது. பட்டினியுற்ற இழையம் முற்றாக இறந்துபோயிருந்தால் இந்நோய் தோன்றாது. அரையுயிராய் இருப்பதனாலேயே அது குரல் கொடுக்கிறது. புதிய குருதிக்கலன்களை வேண்டி இரசாயனத் தூதொன்றை வெளியிடுகிறது. அத்தூது விழித்திரையோடு நின்றுவிடாது கண்ணின் நீர்களிற் கலந்து முன்னே பரவுகிறது. அதன் பயனாகக் கண்மணியின் விளிம்பிலே முதலில் நுண்ணிய செந்நிறக் கலன்கள் முளைக்கின்றன. பின்னர் கதிராளியின்மேற் படர்ந்து கோணத்தை அடைகின்றன. அவற்றோடு கூடிவரும் நார்ப்படலம் வடிகாலை முதலிற் போர்வைபோல் மூடுகிறது. அப்படலம் சுருங்கத் தொடங்கியதும் கதிராளியை இழுத்து விழிவெண்படலத்தோடு ஒட்டவைத்துவிடுகிறது. கோணம் மூடிய கதவாகிவிடுகிறது. அமுக்கம் 50, 60 மில்லிமீற்றர் என்ற அளவுக்கு ஏறுவது இந்நோயில் அரிதன்று. கடுமையான வலி, சிவப்பு, பார்வையிழப்பு என்பன விரைந்து தொடரும்.

இவ்விடத்து ஒன்று மனங்கொள்ளத்தக்கது. புதிய கலன்கள் வளர்வது உடலின் பிழையென்று கூறிவிட முடியாது. காயம் ஆறுவதும் கரு வளர்வதும் இதே செயன்முறையாலேயே. பற்றாக்குறையைத் தீர்க்க எழுந்த முயற்சி, தீர்க்கவேண்டிய இடத்தை எட்டாது, வேண்டாத இடத்திற் பெருகி, இருந்ததையும் அழிக்கிறது. இயற்கையின் இயக்கத்திலே முரண்பாட்டைத் தேடித் திரியும் எம்போன்றோர் இவ்வுதாரணத்தைக் கண்டு மகிழ்ந்துவிடக்கூடாது. நோயாளியின் வலி உதாரணமன்று. எனினும், சிகிச்சை முழுவதும் இந்த முரண்பாட்டை விளங்கிக்கொண்டதன் பின்னரே பொருளுடையதாயிற்று என்பது வரலாறு.

நோய்க்கு வழங்கிய பெயர்களே அவ்வரலாற்றைக் காட்டப் போதும். 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய மருத்துவர் இதனைக் குருதிப்பெருக்குக் குளுக்கோமா என்றனர். மைய நாளம் தூர்ந்து ஏறத்தாழ மூன்று திங்களில் தோன்றுவது கண்டு நூறுநாட் குளுக்கோமா என்றும் வழங்கினர். கண்ணிற் பட்டதையும் நாட்காட்டியையும் கொண்டு வைத்த பெயர்கள் இவை. 1906இல் கோட்ஸ் என்பார் மைய நாளம் தூர்ந்த கண்களின் கதிராளியிலே புதுக்கலன்கள் உள்ளமையை நுணுக்குக்காட்டியின் துணையோடு விவரித்தார். புதுக்கலன் குளுக்கோமா என்று நாம் தமிழாக்கக்கூடிய இன்றைய பெயர் 1963இலேயே முன்மொழியப்பட்டது. அறிகுறியிலிருந்து அமைப்புக்கும், அமைப்பிலிருந்து காரணத்துக்கும் செல்லும் இவ்வழியை நடக்க அரைநூற்றாண்டுக்கு மேலாயிற்று.

காரணத்தின் தேடலும் ஒருவர் கையால் நிறைவேறியதன்று. விழித்திரையிலிருந்து பரவும் பொருளொன்று கலன்களை வளரச் செய்கிறதென 1948இல் மைக்கல்சன் ஊகித்தார். அப்பொருள் இன்னதென அவர்க்குத் தெரியவில்லை. 1971இல், கண்ணோடு தொடர்பற்ற புற்றுநோய் ஆய்விலே, கட்டிகள் தம்மை ஊட்டுங் கலன்களைத் தாமே தூண்டி வளர்க்கின்றன என்ற கருதுகோளை யூடா போக்மன் வெளியிட்டார். பலர் அதனை ஏற்கத் தயங்கினர். 1989இல் நப்போலியோனே பெராராவும் அவருடன் பணியாற்றியோரும் கலன்வளர்ச்சியைத் தூண்டும் புரதமொன்றைப் பிரித்தெடுத்தனர். வீ.ஈ.ஜி.எப். என்ற குறுக்கப்பெயரால் அது இன்று அறியப்படுகிறது. நீரிழிவு நோயாளர் முதலியோரின் கண்நீர்களிலே அப்புரதம் மிகுந்திருப்பது 1994இல் அளந்து காட்டப்பட்டது. 1996இல் குரங்குகளின் கண்ணில் அதனைச் செலுத்தியபோது கதிராளியிற் புதுக்கலன்கள் முளைத்தன, குளுக்கோமாவும் தோன்றிற்று. மைக்கல்சனின் ஊகம் நிறுவப்பட நாற்பத்தெட்டு ஆண்டுகள் சென்றன. விஞ்ஞான வரலாற்றை மேதைகளின் வரிசையாக எழுதும் வழக்கம் எம்மிடையே இன்னும் மறையவில்லை. இங்கோ கண் மருத்துவர், புற்றுநோய் ஆய்வாளர், புரத இரசாயனவியலார், பெயர் பதியப்படாத ஆய்வுகூட ஊழியர் ஆகியோரின் கூட்டுழைப்பே ஒரு விடையாக உருப்பெற்றமை தெளிவு. இவையெல்லாம் எம் சித்தர் பாடல்களில் முன்னரே உண்டென்று வாதிடுவோரும் உளர். கண்நோய்கள் தொண்ணூற்றாறு என வகுத்த மரபின் கூர்ந்த நோக்கை நாம் மதிக்கிறோம்; அம்மதிப்பு வேறு, இவ்வாதம் வேறு.

காரணம் அறியப்படுமுன்னரே அதற்கேற்ற சிகிச்சையொன்று கையாளப்பட்டு வந்தது என்பது வியப்புக்குரியது. 1945இல் நிகழ்ந்த சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணாற் பார்த்து விழித்திரை எரிந்த ஒருவரைப் பரிசோதித்த ஜெர்மன் மருத்துவர் மையர்-ஷ்விக்கராத், அவ்வெரிவையே கருவியாக்கலாமா என எண்ணினார். முதலிற் சூரியவொளியையும், பின்னர் செனன் விளக்கையும் பயன்படுத்தி விழித்திரையைத் திட்டமிட்டுச் சுட்டார். 1960களின் இறுதியில் ஆகன் லேசர் அவ்விடத்தைப் பெற்றது. விழித்திரையின் மையத்தை விட்டு, சூழவுள்ள பரப்பில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறு தழும்புகளை உண்டாக்குவது இம்முறை. நீரிழிவு நோயாளரிடையே இது கடும் பார்வையிழப்பை அரைப்பங்குக்கு மேலாகக் குறைக்கிறதென 1976இல் அமெரிக்காவின் பெரும் ஒப்பீட்டாய்வொன்று காட்டிற்று. ஏன் பயன் தருகிறது என்பது பின்னரே விளங்கிற்று: ஒட்சிசனை வேண்டி நிற்கும் இழையத்தின் ஒரு பகுதியை அழித்துவிட்டால் வேட்கை குறைகிறது, தூதும் அடங்குகிறது. ஓரப்பார்வையையும் இரவுப்பார்வையையும் ஓரளவு கொடுத்து மையப்பார்வையைக் காக்கும் பண்டமாற்று இது. புதுக்கலன் குளுக்கோமாவின் எந்தச் சத்திரசிகிச்சையும் இந்த அடிப்படைச் சிகிச்சையின்றி நிலைப்பதில்லை. வடிகாலை வெட்டித் திறப்பது விளைவைத் தீர்ப்பது. விழித்திரையின் பட்டினியைக் கவனியாதுவிட்டால் புதிய வடிகாலிலும் புதுக்கலன்கள் முளைக்கும்.

இனிச் சத்திரசிகிச்சைக்கு வருவோம். குளுக்கோமாவுக்குப் பொதுவாக நிலைபெற்ற முறை, 1968இல் இங்கிலாந்தில் கெயின்ஸ் விவரித்த திரபெக்குலெக்ரமி ஆகும். வன்கோதிலே மெல்லிய மூடியொன்றை வெட்டியுயர்த்தி, அதன்கீழ்ச் சிறு துளையிட்டு, நீரை விழியின் மேற்படலத்தின் கீழே கசியவிடுவது அதன் சாரம். அங்கு நீர் தேங்கி உறிஞ்சப்படும். ஏனைய குளுக்கோமாக்களிற் சிறந்த பயன் தந்த இம்முறை புதுக்கலன் குளுக்கோமாவிலே பெரிதும் தோற்றது. துளையிடும்போதே முறுக்கேறிய நுண்கலன்கள் குருதியைக் கொட்டும். குருதி துளையை அடைக்கும். அதனைத் தாண்டினாலும், கலன்வளர்ச்சியைத் தூண்டும் அதே சூழல் தழும்பையும் விரைந்து வளர்க்கும். சில கிழமைகளிலே துளை மூடிவிடும். சத்திரசிகிச்சையின் ஏனைய கிளைகளெல்லாம் காயம் ஆறுவதை வேண்ட, இக்கிளை மாத்திரம் காயம் ஆறாதிருப்பதை வேண்டி நிற்கிறது. தழும்பைத் தடுக்கும் பொருட்டு, புற்றுநோய்க்கெனத் தோன்றிய மைற்றோமைசின் மருந்தை வெட்டிய இடத்தில் ஒற்றியெடுக்கும் உத்தியை 1983இல் தைவானைச் சேர்ந்த சென் அறிமுகப்படுத்தினார். அது நிலைமையைச் சற்றுத் திருத்தியது, தீர்க்கவில்லை.

துளை மூடிக்கொள்ளுமாயின், மூடமுடியாத ஒன்றை அதிற் செருகினால் என்ன? இவ்வெண்ணம் பழையது. 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே பிரெஞ்சு மருத்துவர் குதிரைமயிரைக் கண்ணினுட் செருகி நீரை வடியச் செய்ய முயன்றனர். 1912இல் சொராப் பட்டுநூலைப் பயன்படுத்தினார். பின்வந்தோர் பொன், பிளாற்றினம் முதலியவற்றையும் முயன்றனர். யாவும் தோற்றன. காரணம் செருகிய பொருளில் இருக்கவில்லை. நீர் கண்ணுக்கு வெளியே சேரும் இடத்திலே தழும்பு நெருங்கி வாயை அடைத்தது.

தோல்வியின் இடத்தைச் சரியாக இனங்கண்டவர் அன்ரனி மொல்ற்றினோ. தென்னாபிரிக்காவின் கேப்ரவுணிற் பணியாற்றியபோது அவர் உருவாக்கி 1969இல் வெளியிட்ட சாதனத்தில் மெல்லிய குழாயொன்றும் அதன் வெளிமுனையில் வளைந்த பிளாஸ்ரிக் தட்டொன்றும் இருந்தன. தழும்பைத் தவிர்க்க அவர் முயலவில்லை. அதற்கு ஒரு வடிவம் கொடுத்தார். தட்டைச் சுற்றித் தழும்பு வளரட்டும். ஆனால் தட்டு இருக்கும்வரை அது ஒட்டிக்கொள்ள முடியாது. தட்டுக்கும் தழும்புறைக்கும் இடையே ஒரு குளம் உண்டாகும். குழாயூடு வந்த நீர் அக்குளத்திலே தேங்கி உறையினூடு கசியும். எதிரியாகக் கருதப்பட்ட தழும்பே கருவியின் உறுப்பாயிற்று. எம் நோக்கிற் கண் சத்திரசிகிச்சையின் வரலாற்றிலே இதற்கீடான கருத்துமாற்றங்கள் சிலவே. முதலிற் கண்ணின் முன்விளிம்பருகே வைக்கப்பட்ட தட்டு, 1970களில் நீண்ட குழாயோடு பின்னே தள்ளிவைக்கப்பட்டது. மொல்ற்றினோ பின்னர் நியூசிலாந்தின் டனீடினிற் பணி தொடர்ந்தார்.

இன்று செய்யப்படும் சத்திரசிகிச்சையின் நடைமுறை இவ்வளவே: விழியின் வெண்மையை மூடியுள்ள மெல்லிய மேற்படலத்தை வெட்டி விலக்கி, கண்ணை அசைக்கும் இரு தசைகளுக்கு இடையே, விழிவெண்படலத்தின் ஓரத்திலிருந்து 8 முதல் 10 மில்லிமீற்றர் பின்னே தட்டை வன்கோதுடன் தைக்கின்றனர். ஊசியொன்றாற் கண்ணின் முன்னறைக்கு வழிசெய்து, அதனூடு குழாயின் நுனியைக் கதிராளிக்கு முன்னே செலுத்துகின்றனர். குழாய் மேற்படலத்தை அரித்து வெளிவராதவாறு தானமாகப் பெற்ற வன்கோதின் சிறு துண்டொன்றை அதன்மேல் வைத்துத் தைத்து மூடுகின்றனர். கேட்க எளிதாயினும் இடர் முதல் வாரங்களில் உண்டு. தழும்புறை தோன்றுமுன் நீர் தடையின்றி ஓடினால் கண் சுருங்கித் தளர்ந்துவிடும். இச்சிக்கலுக்கு இரண்டு விடைகள் பிறந்தன. 1990களின் முற்பகுதியில் வந்த பேர்வெல்ட் சாதனத்தில் தட்டு பெரிது, 350 சதுர மில்லிமீற்றர், அடைப்பிதழ் இல்லை, எனவே கரைந்துபோகும் நூலாற் குழாயைக் கட்டிவிடுவர். நான்கு முதல் ஆறு கிழமைகளில் நூல் கரைய, அதற்குள் உறை தயாராகியிருக்கும். 1993இல் வந்த அகமட் சாதனத்தில் தட்டு சிறிது, 184 சதுர மில்லிமீற்றர். ஆனால் அமுக்கம் ஏறத்தாழ 8 முதல் 12 மில்லிமீற்றர் ஆகும்போது திறக்கும் அடைப்பிதழ் உண்டு. ஆதலால் அமுக்கம் அன்றே இறங்கும். பெருந்தட்டு நீண்டகாலத்தில் அமுக்கத்தைக் கூடுதலாகத் தாழ்த்துகிறது. ஆயின் கண் மிகையாகத் தளரும் இடரும் அதிற் கூடுதல். புதுக்கலன் குளுக்கோமாவிலே வலியோடும் மிகையமுக்கத்தோடும் வருவோர்க்கு உடனடித் தணிவு வேண்டியிருத்தலின் அடைப்பிதழுள்ளதைப் பலர் தெரிவர்.

பயன் எவ்வளவு? மிகைபடக் கூறுதல் நேர்மையாகாது. புதுக்கலன் குளுக்கோமாவுக்கு மொல்ற்றினோ சாதனம் பொருத்தப்பட்ட 60 கண்கள் பற்றி 1993இல் வெளிவந்த ஆய்வொன்றில், முதலாண்டின் முடிவில் ஏறத்தாழ 62 சதவீதத்தில் அமுக்கம் கட்டுப்பட்டிருந்தது. ஐந்தாம் ஆண்டிலோ அது ஏறத்தாழ 10 சதவீதமாக வீழ்ந்தது. ஏறத்தாழ அரைப்பங்குக் கண்கள் ஒளியுணர்வையே இழந்தன. பல கண்களிற் குழாய் தன் பணியைச் செய்தும் அடிப்படை நோய் விழித்திரையை அழித்துக்கொண்டே போயிற்று.

அவ்வாய்வு கலன்வளர்ச்சியைத் தடுக்கும் மருந்து தோன்றுமுன் நிகழ்ந்தது. பெவசிசுமாப் என்னும் மருந்து 2004இல் அமெரிக்காவிற் பெருங்குடற் புற்றுநோய்க்கென அனுமதி பெற்றது. மறுவருடமே கண் மருத்துவர் அதனை மிகச் சிறு அளவிற் கண்ணினுட் செலுத்தத் தொடங்கினர். செலுத்திய சில நாள்களிலே கதிராளியின் செந்நிறக் கலன்கள் வாடி மறைவது கண்கூடாயிற்று. சத்திரசிகிச்சைக்குச் சில நாள்கள் முன்னர் இம்மருந்தைச் செலுத்தி, கலன்கள் வாடிய பின்னர்க் குழாயைப் பொருத்தும் முறை இதனாற் பரவிற்று, குருதிக்கசிவும் குறைந்தது. ஆயினும் மருந்தின் வலிமை சில கிழமைகளே நிற்கும். ஒட்டி மூடிவிட்ட கோணத்தை அது திறக்காது. கலன்கள் மறைந்தமை கண்டு மகிழ்ந்து லேசரை ஒத்திவைப்போர், தூது மீண்டும் எழும்போது நோயை முன்னிலும் முற்றிய நிலையிற் காண்பர்.

இம்மருந்தின் பொருளாதாரம் மருத்துவ நூல்களிற் சில வரிகளோடு முடிந்துவிடுகிறது. நாம் அங்கே சற்றுத் தரித்து நிற்க வேண்டும். பெவசிசுமாப்பை உருவாக்கிய ஜெனென்டெக் நிறுவனமே, அதே புரதத்தைத் தடுக்கும் ரனிபிசுமாப் என்ற மருந்தையும் உருவாக்கிற்று. இது 2006இற் கண்ணுக்கென அனுமதி பெற்றது. அமெரிக்காவிலே ஒருமுறை செலுத்தும் ரனிபிசுமாப்பின் விலை அப்போது ஏறத்தாழ 2000 டொலராக இருந்தது. புற்றுநோய்க்கான பெருங்குப்பியிலிருந்து பிரித்தெடுத்த பெவசிசுமாப்பின் விலை ஏறத்தாழ 50 டொலராக இருந்தது. முதியோரின் விழித்திரை நோயில் இரண்டும் ஒத்த பயன் தருகின்றன என்று அமெரிக்க அரசின் நிதியில் நடந்த ஒப்பீட்டாய்வு 2011இற் காட்டிற்று. அவ்வொப்பீட்டை நடத்த விற்பனையாளர் முன்வரவில்லை, பொதுப்பணமே தேவையாயிற்று. 2013இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலே பெவசிசுமாப்பைக் கண்ணுக்குரியதாகச் சேர்த்தது. 2014இல் இத்தாலியின் போட்டிக் கண்காணிப்பு அதிகாரசபை, விலைமிகுந்த மருந்தை நோக்கித் தேவையைத் திருப்பும் நோக்கில் ஒத்திசைந்து செயற்பட்டனவென ரோஷ், நோவார்ட்டிஸ் ஆகிய இரு நிறுவனங்களுக்கும் மொத்தம் 180 மில்லியன் யூரோவுக்கு மேல் தண்டம் விதித்தது. ஒரு குப்பியைப் பலர்க்குப் பகிரும்போது தூய்மை தவறினால் கண்ணிலே கிருமித்தொற்று உண்டாகும் என்பது உண்மை; அத்தகைய நிகழ்வுகளும் உண்டு. அது மருந்தகத்தின் ஒழுங்கால் தீர்க்கப்படவேண்டிய சிக்கல். நாற்பது மடங்கு விலைக்கு அது நியாயமாகாது.

பண்டத்தின் பயன்பெறுமானமும் பரிவர்த்தனைப் பெறுமானமும் ஒன்றிலிருந்து ஒன்று விலகிப்போவதை இத்தனை தெளிவாகக் காட்டும் நிகழ்வு பாடநூல்களிலும் கிடைப்பதரிது. எமது நாட்டு வாசகர்க்கு இது புதிய செய்தியாக இராது. மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே, எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து சமர்ப்பித்த அறிக்கையின் வழியே 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டபோது எழுப்பிய வினாவும் இதுவே: ஒரே மருந்து வணிகப்பெயரை அணிந்ததும் ஏன் பன்மடங்கு விலைபெற வேண்டும்? பிபிலே 1977இல் காலமானார். அவர் வினாவெழுப்பியபோது உயிரியற் புரத மருந்துகள் தோன்றியிருக்கவில்லை. வினா அவற்றுக்கும் பொருந்துகிறது.

குழாய்ச் சாதனத்தின் நிலையும் இத்தகையதே. மேற்கிலிருந்து இறக்குமதியாகும் சாதனமொன்றின் விலை பல நூறு டொலர். நீரிழிவாற் கண்ணிழக்கும் கூலித்தொழிலாளிக்கு அது எண்ணிப்பார்க்கவும் இயலாத தொகை. மதுரையில் வைத்தியர் கோ. வெங்கடசாமி 1976இல் தொடங்கிய அரவிந்த் கண் வைத்தியசாலையைச் சார்ந்து, 1992இல் உட்கண் வில்லைகளை மலிவாக உற்பத்தி செய்யவென ஓரோலாப் நிறுவப்பட்டது. அந்நிறுவனம் பேர்வெல்ட் சாதனத்தின் வடிவையும் 350 சதுர மில்லிமீற்றர் அளவையும் ஒத்த சிலிக்கோன் சாதனமொன்றை 2013இல் வெளியிட்டது. விலை ஏறத்தாழ 50 டொலர். ஆபிரிக்க, ஆசிய நாடுகள் சிலவற்றின் சத்திரசிகிச்சை நிபுணர் அதனைப் பயன்படுத்தி முடிவுகளை வெளியிட்டுள்ளனர். இதனைச் சமவுடைமையின் வெற்றியெனக் கொண்டாடுவது மிகை. பணம் செலுத்துவோரின் வருவாயைக்கொண்டு செலுத்தவியலாதோரைப் பேணும் ஏற்பாடு அது. சந்தையை அது மறுக்கவில்லை. எனினும் விலை என்பது நுட்பத்தின் இயற்கைப் பண்பன்று என்பதை வாதத்தினாலன்றி உற்பத்தியினாலே நிறுவியமை சிறிய காரியமன்று.

பார்வை முற்றாகப் போய், வலி மாத்திரம் எஞ்சிய கண்ணுக்குக் குழாயும் வேண்டியதில்லை. அங்கே நீரைச் சுரக்கும் பிசிருடலையே ஓரளவு அழித்துவிடுவர். 1950இல் பியெற்றி உறைகுளிராற் செய்த இதனை, 1990களிலிருந்து வன்கோதின் வெளிப்புறமிருந்து செலுத்தும் டயோட் லேசர் கூடுதற் கட்டுப்பாட்டோடு செய்கிறது. அழிவின் அளவை முன்கூட்டி வரையறுத்தல் கடினம். மிகையானால் கண் சுருங்கிப்போகும். வறிய நாடுகளிலே, பார்வை இன்னும் எஞ்சியிருந்த கண்களுக்கும், குழாய் கிட்டாமையால் இதுவே செய்யப்பட்டு வந்திருக்கிறது. சில மருத்துவர் அண்மைக்காலத்திலே குறைந்த வலுவில் இதனைப் பார்வையுள்ள கண்களுக்கும் தெரிந்தே செய்கின்றனர். தெரிந்து செய்வதும் வேறு வழியின்றிச் செய்வதும் ஒன்றல்ல.

மைய நாளம் தூர்ந்தோரையும் நீண்டகால நீரிழிவு நோயாளரையும் ஒழுங்காகப் பரிசோதித்தால் இச்சத்திரசிகிச்சைகளுட் பெரும்பங்கு தேவைப்படாது. அமுக்கம் உயருமுன்னரே புதுக்கலன்கள் கண்மணியின் ஓரத்தில் முளைத்துவிடுகின்றன. அவ்வேளையில் லேசர் செய்யப்பட்டால் கோணம் திறந்தபடியே இருக்கக்கூடும். அதற்கு வேண்டியவை கண்ணின் முற்பகுதியைப் பெருப்பித்துக் காட்டும் விளக்கும், கோணத்தைக் காட்டும் ஆடிவில்லையும், அவசரப்படாத மருத்துவரொருவருமே. விழித்திரையைப் பார்க்கும் பொருட்டுக் கண்மணியை விரிக்கும் துளிமருந்தை இடுவதற்கு முன்னர் இப்பரிசோதனை நடைபெறவேண்டும். கண்மணி விரிந்தபின் அந்நுண்கலன்கள் கதிராளியின் மடிப்பினுள் மறைந்துவிடும். பார்ப்பவர் கண்ணுக்கு எதுவும் தென்படாது.